ஒரு துளிக் கண்ணாடியும் இரண்டாயிரம் வோல்ட்டும்



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் ஒருவன் ஹாஸ்டலுக்கு வந்து, ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுடா, நாலு பக்கம் காலியாக இருக்கிறது என்றான். எடிசனை ஒருவன் பிடித்துக்கொண்டானாம், சி.வி. ராமனை இன்னொருவன் பிடித்துக்கொண்டானாம். நான் கெல்வின் பிரபு என்றேன். யாரு, அந்த டெம்பரேச்சர் ஆளா என்று கேட்டான். ஆமாம், அவரேதான். ஆனால் நான் எழுதப் போவது டெம்பரேச்சர் பற்றி இல்லை, கேபிள் பற்றி. ஏன் கேபிள் என்றால், போன மே மாதம் இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை முதலில் சொல்ல வேண்டும்.

ஊர் பேர், ஆபீஸ் பேர் வேண்டாம். பூமிக்கடியில் போகும் கேபிள்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கேபிள் ஃபால்ட் லொக்கேட்டர் இருந்தது. டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். கேபிளின் ஒரு முனையில் இரண்டு கிளிப்பை மாட்டினால், சின்னஞ்சிறு பல்ஸ் ஒன்றை உள்ளே அனுப்பும். கேபிள் எங்கே அறுந்திருக்கிறதோ, எங்கே ஷார்ட்டோ, அங்கே பட்டு அது எதிரொலி மாதிரி திரும்பி வரும். போய் வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் காட்டும். சாதாரணமாக பாலித்தீன் இன்சுலேஷன் உள்ள கேபிளில் பல்ஸ் ஒரு மைக்ரோ செகண்டுக்குச் சுமார் 200 மீட்டர் ஓடும். ஒரு மைக்ரோ செகண்டில் திரும்பி வந்தால் ஃபால்ட் 100 மீட்டரில் இருக்கிறது. ஊரையே தோண்ட வேண்டியதில்லை, ஒரே ஒரு குழி போதும். எனக்கு அந்தப் பெட்டி மேல் காதலே வந்துவிட்டது.

அதைக் கையாள எனக்குக் கற்றுக் கொடுத்தவர் கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஒரு அண்ணன். ஐ.டி.ஐ. முடித்தவர், இருபது வருஷ சர்வீஸ். இன்ஸ்ட்ருமென்ட் ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்துப் போட்டுத்தான் பெட்டியை வெளியே எடுக்க முடியும். முதல் நாளே ஒன்று சொன்னார்: தம்பி, இதன் சார்ஜரைத் தவிர வேறு எதையும் இதில் சொருகாதே. நானும் தலையாட்டினேன். நான்காம் நாள் மத்தியானம் பேட்டரி இறங்கிவிட்டது. அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். சார்ஜர் வண்டியில் இருந்தது. மேஜை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன லேப்டாப் அடாப்டர் ஒன்று கிடந்தது. பின்னைப் பார்த்தேன், கனகச்சிதமாகப் பொருந்தியது. பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட், அடாப்டர் தருவது 19 வோல்ட். அடாப்டரின் முதுகிலேயே அது எழுதியிருந்தது, பெட்டியின் முதுகிலும் எழுதியிருந்தது. இரண்டரை வருஷம் எலக்ட்ரிக்கல் படித்த நான் இரண்டையும் படிக்கவில்லை. பின் பொருந்தினால் வோல்டேஜும் பொருந்தும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அரை நிமிஷத்தில் ஒரு வாசனை வந்தது. நம் லேபில் எல்லோருக்கும் தெரிந்த வாசனைதான். பெட்டி செத்துப்போனது. அடாப்டரைப் பிடுங்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். அதுதான் இதில் மோசமான பகுதி. மாலையில் அண்ணன் பெட்டியை ஆன் செய்து பார்த்தார், மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஸ்டோரில் விசாரணை. ரெஜிஸ்டரில் யார் கையெழுத்து? அண்ணன் கையெழுத்து. ரிப்பேர் செலவு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று சொல்லிவிட்டார்கள்.

மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போது கெல்வினுக்குப் போவோம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வில்லியம் தாம்சன். 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் தாம்சன் விவசாயி வீட்டுப் பிள்ளை, தானே படித்து முன்னுக்கு வந்த கணக்கு வாத்தியார். வில்லியத்துக்கு ஆறு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அப்பாவே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. பத்து வயதிலேயே பையன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான்! பத்து வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

பதினைந்து வயதில் அவர் கையில் ஃபூரியர் என்ற பிரெஞ்சுக்காரர் வெப்பம் பரவுவதைப் பற்றி எழுதிய கணக்குப் புத்தகம் கிடைத்தது. இரண்டே வாரத்தில் படித்து முடித்தாராம். மூன்றாம் செமஸ்டர் மேத்ஸில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் அதே ஃபூரியர்தான். ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுட வைத்தால் சூடு எப்படி மெல்ல மெல்ல மறுமுனைக்கு ஊர்ந்து போகிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லும். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பிறகு கேம்பிரிட்ஜ். 1845ல் அங்கே கணிதத் தேர்வில் இரண்டாவது இடம். 1846ல், 22 வயதில், கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர். அந்த வேலை மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று அப்பா படாத பாடு பட்டிருக்கிறார். மூன்றே வருஷத்தில் காலரா அவரைக் கொண்டுபோய்விட்டது. மகன் அந்த நாற்காலியில் 53 வருஷம், 1899 வரை உட்கார்ந்திருந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து கூப்பிட்டும் போகவில்லை.

அவர் வந்தபோது மாணவர்கள் கையால் தொட்டுச் செய்து பார்க்க லேப் என்று ஒன்று கிடையாது. வாத்தியார் மேடையில் செய்து காட்டுவார், பையன்கள் பெஞ்சில் இருந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். தாம்சன் ஒரு பழைய ஒயின் பாதாள அறையைக் கேட்டு வாங்கி லேபாக மாற்றினார். மாணவர்களையே வேலையில் இறக்கினார். ஈரமும் இருட்டுமான அந்த அறையில்தான் பிரிட்டனில் மாணவர்களுக்கான இயற்பியல் லேப் என்ற வழக்கமே பிறந்தது என்று சொல்கிறார்கள். நம் மெஷின்ஸ் லேபில் ஃபேன் ஓடவில்லை என்று இனிமேல் நான் புலம்பப் போவதில்லை.

1848ல் அவர் சொன்ன அப்சல்யூட் டெம்பரேச்சர் அளவைத்தான் நாம் கெல்வின் என்கிறோம். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

கேபிளுக்கு வருவோம். 1850களில் கடலுக்கடியில் தந்திக் கேபிள் போட ஆரம்பித்துவிட்டார்கள். செம்புக் கம்பி, அதன்மேல் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசின் இன்சுலேஷன், அதன்மேல் இரும்புக் கம்பிச் சுற்று. ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. கம்பத்தில் போகும் கம்பியில் பளிச்சென்று போகும் சிக்னல், கேபிளில் போனால் இழுத்து இழுத்து மங்கலாக வந்தது. ஃபாரடே காரணத்தைக் கண்டுபிடித்தார். உள்ளே செம்பு, நடுவில் இன்சுலேஷன், வெளியே கடல் தண்ணீர்: இது ஒரு நீளமான கெப்பாசிட்டர். முதலில் அது சார்ஜ் ஆக வேண்டும், பிறகுதான் மறுமுனையில் கரண்ட் நிமிரும்.

தாம்சன் இதைக் கணக்காக்கினார். அப்போதுதான் அந்தப் பழைய ஃபூரியர் கை கொடுத்தார். கேபிளில் மின்சாரம் ஊர்வதும் இரும்புக் கம்பியில் சூடு ஊர்வதும் கணக்கில் ஒன்றேதான்! 1855ல் ராயல் சொசைட்டிக்கு அவர் கொடுத்த கட்டுரையின் சாரம் இது: சிக்னல் தாமதம் கேபிள் நீளத்தின் ஸ்கொயருக்கு ஏற்ப ஏறும். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தாமதம் நான்கு மடங்கு, பத்து மடங்காக்கினால் நூறு மடங்கு. ஆர் இன்டு சி என்று நாம் போடுகிறோமே, அதேதான். நீளம் கூடக்கூட ஆர்-உம் கூடுகிறது, சி-யும் கூடுகிறது. இண்டக்டன்ஸை அவர் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்துக் கணக்கைப் பூர்த்தி செய்தவர் பின்னால் வந்த ஹெவிசைட். நான் தோளில் சுமந்த பெட்டியில் பல்ஸ் போய்த் திரும்புவதற்கு அந்த ஹெவிசைட் கணக்கு வேண்டும். ஆனாலும் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள தாம்சன் கணக்கே போதும்.

அயர்லாந்திலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அட்லாண்டிக் கடலுக்கடியில் கேபிள் போட 1856ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதன் எலக்ட்ரீஷியன், அதாவது தலைமை மின் நிபுணர், வைல்ட்மேன் வைட்ஹவுஸ். தொழிலால் அவர் ஒரு டாக்டர், சர்ஜன். மின்சாரம் அவருக்குப் பொழுதுபோக்காக ஆரம்பித்து வெறியாக முடிந்தது. தாம்சனின் ஸ்கொயர் விதி நடைமுறைக்கு ஒத்துவராத ஏட்டுச் சுரைக்காய் என்பது அவர் கட்சி. தாம்சன் பத்திரிகையில் பதில் எழுதினார். அதே வருஷக் கடைசியில் அந்தக் கம்பெனியிலேயே தாம்சனும் ஒரு டைரக்டர் ஆனார். சம்பளம் கிடையாது.

இரண்டு பேருக்கும் சண்டை எதில்? தாம்சன் சொன்னது: செம்பு கனமாக இருக்கட்டும், இன்சுலேஷன் தடிமனாக இருக்கட்டும், அனுப்பும் மின்சாரம் குறைவாக இருக்கட்டும், வாங்கும் கருவி மிக மிக நுட்பமாக இருக்கட்டும். வைட்ஹவுஸ் சொன்னது: மெல்லிய கம்பி போதும், வோல்டேஜை ஏற்றித் தள்ளுவோம். கேபிள் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, ஒரு கடல்மைலுக்கு 107 பவுண்டு செம்புதான். தாம்சன் அதையே வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. கம்பித் துண்டுகளை வாங்கி லேபில் அளந்து பார்த்தால், எல்லாம் ஒரே மாதிரி மினுங்கும் செம்பு, ஆனால் கண்டக்டிவிட்டி ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். செம்பில் கலந்திருந்த துளி அழுக்குதான் காரணம். தொழிற்சாலையிலேயே செம்பைச் சோதித்து வாங்கும் வழக்கம் இந்தச் சண்டையிலிருந்து வந்ததுதான்.

வாங்கும் கருவியாக அவர் செய்ததுதான் மிர்ரர் கால்வனோமீட்டர். 1858ல் பேடன்ட் வாங்கினார். ஒற்றைக் கண்ணாடியைக் கயிற்றில் சுழற்றும்போது சுவரில் ஒளி ஓடுவதைப் பார்த்து யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, கருவி நிஜம். விரல் நகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதன் முதுகில் ஒட்டிய காந்தத் துண்டுகள். எல்லாம் சேர்த்து எடை சுமார் பத்தில் ஒரு கிராம். பட்டு நூல் இழையில் தொங்கும், சுற்றிலும் காயில். விளக்கொளி கண்ணாடியில் பட்டு எதிரே ஸ்கேலில் ஒரு புள்ளியாக விழும். கண்ணுக்கே தெரியாத அளவு கண்ணாடி திரும்பினாலும் ஒளிப்புள்ளி ஸ்கேலில் நன்றாக நகரும். இடப்பக்கம் போனால் ஒன்று, வலப்பக்கம் போனால் இன்னொன்று. ஒளிக்கு எடை கிடையாது என்பதால் முள்ளின் பாரம் என்ற பிரச்சினையே இல்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. லேபில் வேலை செய்யும் கருவி கப்பலில் வேலை செய்யாது. கப்பல் ஆடினால் தொங்கும் கண்ணாடியும் ஆடும். கப்பலின் இரும்பு காந்தத்தைக் குழப்பும். அதனால் கப்பலுக்கென்று தனியாக ஒன்று செய்தார். பட்டு இழையை மேலும் கீழும் இழுத்துக் கட்டி, கண்ணாடியின் எடை மையத்தின் வழியாகவே இழை போகும்படி வைத்தார். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கண்ணாடி அசையாது. கருவியையே கனமான இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெளிக் காந்தத்தைத் தடுத்தார். இன்றைக்கு போர்ட்டபிள் என்று பெட்டிமேல் அச்சடித்து விற்கிறார்களே, தூக்கிக்கொண்டு போய் கேபிளைச் சோதிக்கும் கருவிகள், அந்த வம்சத்தின் கொள்ளுத்தாத்தா இதுதான் என்பது என் கருத்து.

1857ல் முதல் முயற்சி. வைட்ஹவுஸ் உடம்பு சரியில்லை என்று கரையில் நின்றுவிட்டார், தாம்சன் அகமெம்னான் கப்பலில் ஏறினார். சில நூறு மைல் போனதும் கேபிள் அறுந்து ஆழ்கடலுக்குள் போய்விட்டது. 1858 ஜூனில் மறுபடியும். மறுபடியும் வைட்ஹவுஸ் வரவில்லை, மறுபடியும் தாம்சன்! இந்தத் தடவை பயங்கரப் புயல். மேல்தளத்தில் பல டன் கேபிள் சுருளை வைத்துக்கொண்டிருந்த கப்பல் கவிழ்ந்துவிடும் என்றே நினைத்தார்களாம். பிழைத்து வந்து, பல தடவை அறுந்து, கடைசியில் நடுக்கடலில் இரண்டு கப்பல்களின் கேபிளையும் ஒட்டி, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே போய், 1858 ஆகஸ்ட் 5ஆம் தேதி அயர்லாந்தின் வாலன்ஷியாவும் நியூஃபவுண்ட்லாந்தும் இணைந்தன. வழி முழுக்கக் கப்பலின் டெஸ்டிங் அறையில் அந்த ஒளிப்புள்ளியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி நின்றால் அத்தனையும் போச்சு.

கரை சேர்ந்ததும் கேபிள் முனை வைட்ஹவுஸ் கைக்குப் போனது. அவர் தன் இண்டக்ஷன் காயில்களைக் கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம். சுமார் 2000 வோல்ட்! ஏற்கெனவே மூன்று தடவை சுருட்டி விரித்து, வெயிலில் கிடந்து, கட்டாபெர்ச்சா இளகி, சில இடத்தில் செம்புக் கம்பி நடுவை விட்டு ஓரத்துக்கு நகர்ந்துவிட்ட கேபிள் அது. அதன் உடம்பு என்ன தாங்கும் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய ரிசீவரில் ஒன்றும் சரியாக வரவில்லை. பிறகு சத்தமில்லாமல் காயிலைக் கழற்றிவிட்டு, சாதாரண டேனியல் செல்களையும் தாம்சனின் கண்ணாடியையும் போட்டார்கள். செய்தி வந்தது. ஆனால் தன் கருவியில்தான் வந்தது என்பது போல மேலிடத்துக்குத் தெரிவித்தார் வைட்ஹவுஸ்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு டீக்கடை ஞாபகம் வந்துவிட்டது.

விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்து 98 வார்த்தை. போய்ச் சேர 16 மணி நேரம், வார்த்தைக்குப் பத்து நிமிஷம். அதற்கே இரண்டு கரையிலும் வாணவேடிக்கை விட்டார்கள். கேபிள் உள்ளேயிருந்து செத்துக்கொண்டிருந்தது ஊருக்குத் தெரியாது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பேச்சு நின்றே போனது. நடுவில் ஒரு உருப்படியான காரியம் நடந்தது. இந்தியாவில் 1857ல் மூண்ட கிளர்ச்சிக்காக, கனடாவில் இருந்த இரண்டு ரெஜிமென்ட்டுகளைக் கப்பலேற்றச் சொல்லியிருந்தார்கள். இனி வேண்டாம் என்று ஒரு தந்தி இந்தக் கேபிளில் போனது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு மிச்சம் 50,000 பவுண்டு. நம் நாட்டைப் பற்றிய சேதிதான் அந்தக் கேபிளுக்கே மரியாதை வாங்கிக் கொடுத்தது என்பது ஒரு வேடிக்கை.

வைட்ஹவுஸை ஆகஸ்ட் மாதமே வேலையை விட்டு நீக்கினார்கள். பிறகு நடந்த விசாரணையில் கேபிள் செய்த விதம், வைத்திருந்த விதம் எல்லாமே மோசம் என்று தெரிந்தது. ஆகவே பழி முழுவதும் ஒருவர் தலையில் போடுவது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இளகிய இடம் ஏற்கெனவே இருந்தது, 2000 வோல்ட் அதைத் தேடிப் பிடித்துப் பொத்தல் போட்டது. தோற்றுப்போன கம்பெனியை விட்டுவிட்டு தாம்சன் ஓடவில்லை, வைட்ஹவுஸைத் திட்டித் தன் பெயரை வளர்த்துக்கொள்ளவும் இல்லை. நீக்கியபோது கூடக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவருக்காகப் பேசிப் பார்த்திருக்கிறார்.

நடுவே 1860 டிசம்பரில் லார்க்ஸ் என்ற ஊரில் பனிக்கட்டி மேல் விளையாடும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை, வாழ்நாள் முழுக்க நொண்டி நடை. அந்தக் காலோடுதான் 1865லும் 1866லும் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சசக் கப்பலில் ஏறினார். இப்போது கேபிள் அவர் சொன்னபடி: மைலுக்கு 300 பவுண்டு செம்பு, 400 பவுண்டு கட்டாபெர்ச்சா. 1865ல் கேபிளை இறக்கிக்கொண்டே சோதித்துக்கொண்டு போகும்போது ஒளிப்புள்ளி திடீரென்று ஸ்கேலை விட்டே ஓடியது. கேபிளைத் திரும்பச் சுருட்டிப் பார்த்தால், ஒரு துண்டு இரும்புக் கம்பி கட்டாபெர்ச்சாவைத் துளைத்துச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இஞ்ச் கம்பி, ஆயிரக்கணக்கான டன் கேபிள்! சோதித்துக்கொண்டே போகாவிட்டால் அது அட்லாண்டிக்கின் அடியில் போய்ப் படுத்திருக்கும். அந்த வருஷம் மூன்றில் இரண்டு பங்கு தூரம் போன பிறகு கேபிள் அறுந்து மூழ்கியது. 1866 ஜூலை 27ஆம் தேதி புதுக் கேபிள் கரை சேர்ந்தது. செப்டம்பரில் பழைய கேபிளையும் கடலுக்கடியில் கொக்கி போட்டுத் துழாவித் தூக்கி ஒட்டினார்கள். ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு கேபிள். தாம்சனுக்கு அதே வருஷம் சர் பட்டம்.

அப்போது லாட்டிமர் கிளார்க் என்ற இன்ஜினியர் ஒரு விளையாட்டுக் காட்டினார். நியூஃபவுண்ட்லாந்தில் இரண்டு கேபிள் முனையையும் ஒன்றாக இணைக்கச் சொன்னார். வாலன்ஷியாவில் இருந்து போய்த் திரும்பி வர 3,700 மைல். பேட்டரிக்கு? துணி தைக்கிறவர்கள் விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் சின்ன வெள்ளித் தொப்பி ஒன்றை இரவல் வாங்கி, அதில் சில சொட்டு ஆசிட் விட்டு, ஒரு துணுக்குத் துத்தநாகத்தை முக்கினார். அவ்வளவுதான் செல். அட்லாண்டிக்கை இரண்டு தடவை கடந்து வந்த அந்த மின்சாரம் தாம்சனின் கண்ணாடியைத் திருப்பிக் காட்டியது. 2000 வோல்ட்டால் முடியாதது ஒரு வோல்ட் அளவில் முடிந்தது. இந்த ஒரு சம்பவத்துக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுத ஒத்துக்கொண்டேன்.

(1871ல் நம் சென்னையிலிருந்தும் பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் போட்டார்கள். எப்போதாவது பீச்சுக்குப் போனால் நினைத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு அவர் செய்தவை ஏராளம். செய்தியைத் தாளில் தானாகவே மைக்கோடாக எழுதும் சைஃபன் ரெக்கார்டர், கப்பல் காம்பஸ், பியானோ கம்பியால் கடலாழம் பார்க்கும் கருவி, ஒரு ஓம்மை விடச் சின்ன ரெசிஸ்டன்ஸை அளக்க நம் மெஷர்மென்ட்ஸ் லேபில் இருக்கும் கெல்வின் டபுள் பிரிட்ஜ். (வைவாவில் லீட் ரெசிஸ்டன்ஸ் எங்கே போச்சு என்று கட்டாயம் கேட்பார்கள், படித்துவிட்டுப் போங்கள்.)

முதல் மனைவி மார்கரெட் கல்யாணமான கொஞ்ச நாளிலிருந்தே நோயாளி. பதினெட்டு வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டார். அவர் 1870ல் இறந்தார். 1873ல் இன்னொரு கேபிள் கப்பலில் போகும்போது கேபிளில் ஃபால்ட். சரிசெய்ய மடைரா தீவில் பதினாறு நாள் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் விருந்து, அவர் பெண்களுக்கு விளக்கைக் காட்டிச் சிக்னல் அனுப்பச் சொல்லிக் கொடுத்தார் தாம்சன். மறு வருஷம் தன் சொந்தக் கப்பலில் அங்கே போய் அந்தப் பெண்களில் ஒருவரான ஃபிரான்சிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். கேபிள் ஃபால்ட்டால் நல்லது நடந்த ஒரே கேஸ் எனக்குத் தெரிந்து இதுதான்.

1892ல் பிரபு பட்டம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டார். தப்பே செய்யாதவர் என்று நினைக்க வேண்டாம். பூமியின் வயது இரண்டு கோடியிலிருந்து நான்கு கோடி வருஷம் என்று பிடிவாதம் பிடித்தார், இன்று 450 கோடிக்கு மேல் என்று தெரியும். நயாகரா மின்நிலையத்துக்கு ஏ.சி. வேண்டாம், டி.சி.தான் என்று நின்றார், பிறகு மாறினார். 1907 டிசம்பர் 17ஆம் தேதி லார்க்ஸில் தன் வீட்டில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டன் பக்கத்தில் புதைத்தார்கள்.

என் மிச்சக் கதை. மூன்றாம் நாள் காலை இன்ஜினியர் முன்னால் போய் நின்று, பெட்டியைக் கெடுத்தது நான்தான், 19 வோல்ட் அடாப்டரைச் சொருகினேன் என்று சொல்லிவிட்டேன். கால் நடுங்கியது. திட்டு விழுந்தது, காலேஜுக்கு லெட்டர் வந்தது, அப்பா வந்து ரிப்பேர் பணத்தை மூன்று தவணையில் கட்டினார். அண்ணன் சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஹெச்.ஓ.டி. திட்டவே இல்லை. லைப்ரரிக்குப் போய் 1858 கேபிளைப் பற்றிப் படித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் கெல்வின் எனக்கு அறிமுகம்.

பெட்டி திரும்பி வந்த அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யச் சொன்னார். கேபிள் இரண்டு முனையிலும் கழற்றியிருக்கிறதா, டெஸ்டரை நம்பாமல் மீட்டரில் டெட் என்று பார்த்தாயா, எர்த் ராடால் டிஸ்சார்ஜ் செய்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெக்கர் போட்ட கேபிளை ஒரு தரம் எர்த்தில் தொட்டு எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் ராடை எடுத்துவிட்டு மீட்டரை வைத்துக் காட்டினார். செத்த கேபிளில் வோல்ட் மெல்ல மெல்ல மேலே ஏறியது! இன்சுலேஷனுக்குள் ஊறிப்போன சார்ஜ் திரும்பி வருகிறது. டெஸ்ட் செய்த நேரத்தைவிட அதிக நேரம் எர்த்திலேயே வைத்திருக்க வேண்டுமாம். ஃபாரடே சொன்ன கெப்பாசிட்டர் என் கை முன்னாலேயே உயிரோடு இருந்தது. சார்ஜில் போட்டபடி கேபிளில் மாட்டாதே, மழை ஈரத்தில் சார்ஜ் போடாதே, பேட்டரி சூடேறினால் நிறுத்து என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, குனிந்தபடி கிளிப்பை மாட்டினேன். ஸ்கிரீனில் கோடு ஓடி ஒரு இடத்தில் பள்ளமாக இறங்கியது. 340 மீட்டர். ஷார்ட்.

போய்த் தோண்டினோம். 338ல் இருந்தது.